இடது கையைத் தேடி: சீன இசைக்கருவிகளின் ஊர்களில்

திங்கள், ஷாங்காய்

ஃபென்யாங் சாலை நீளமானதல்ல. இரு பக்கமும் மரங்கள், அவற்றின் நிழலில் இசைக்கருவிக் கடைகள். 1927-இல் தொடங்கிய ஷாங்காய் இசைக் கல்லூரி இந்தச் சாலையில்தான் இருக்கிறது. கடைகளில் பாதிக்கு மேல் வயலினும் பியானோவும்தான். நான் தேடி வந்தவை மீதிக் கடைகளில்: சுவரில் சாய்த்து நிறுத்திய குஜெங் என்ற நீண்ட பலகைத் தந்திக்கருவி, கொக்கியில் தொங்கும் எர்ஹூ என்ற வில்கருவி, மார்போடு அணைத்து மீட்டும் பீபா, மூங்கில் குழல்கள்.

நான் வீணை வாசிக்கிறவள். குஜெங் காணொளி கண்ணில் பட்டால் கடைசி வரை பார்க்காமல் விடமாட்டேன். பிரான்சின் போர்தோ நகரத் தெருவில் ஹான்ஃபு என்ற பழைய சீன உடை உடுத்திக் குஜெங் வாசிக்கும் சீனப் பெண்ணை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்றுவிடுகிறார்கள். உடையின் அழகுக்கு ஒரு நிமிடம் நிற்கலாம். பாட்டு முடியும் வரை நிற்க வைப்பது எது? எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அது அந்தப் பெண்ணின் இடது கை. வலது கை தந்தியை மீட்டுகிறது. இடது கை, தந்தியைத் தாங்கும் குதிரைக்கு அந்தப் பக்கம் அதே தந்தியை அழுத்தி, விட்டு, நடுங்கவைத்து, ஒரு சுரத்தை இன்னொன்றுக்குள் கரைக்கிறது. கமகத்தில் வளர்ந்த காதுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் போர்தோவில் நிற்கிறவர்களுக்கும் அது கேட்கிறதே! அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று அதன் ஊர்களிலேயே போய்க் கேட்கத்தான் இந்தப் பயணம்.

மொழித் துணைக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். யுன்னானில் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள். என்னை "அக்கா" என்கிறாள். பேச்சு முழுக்க நூல் தமிழ். கடைக்காரப் பெண்மணியிடம் விலை கேட்டுவிட்டு, "அக்கா, தொடக்க நிலையினருக்கு இது போதுமானது என்று கூறுகிறார்" என்றாள். கேட்கவே இனிமையாக இருந்தது.

கடையில் ஸ்பெயின்காரர் ஒருவர் தீசி வாங்கிக்கொண்டிருந்தார். நம் புல்லாங்குழல் போலவே பக்கவாட்டில் பிடித்து ஊதும் மூங்கில் குழல். வாய்த்துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே கூடுதலாக ஒரு துளை இருக்கிறது. நாணல் தண்டின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து அதன்மேல் ஒட்ட வேண்டும். தீசிக்கு அந்த ரீங்காரத்தைக் கொடுப்பது இந்தச் சவ்வுதான். மிக இழுத்து ஒட்டினால் ஒலி ஊமையாகிவிடும். குறுக்குச் சுருக்கங்கள் விழும்படி ஒட்ட வேண்டும். கடைக்காரர் பொறுமையாகச் செய்து காட்ட, ஸ்பெயின்காரர் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார். இந்த இசையில் எப்படி ஆர்வம் வந்தது என்று கேட்டேன். 2024-இல் வந்த, சீனக் குரங்கரசன் கதையை வைத்துச் செய்த கணினி விளையாட்டு என்றார். அதில் தலையில்லாத துறவி ஒருவர் மூன்று தந்திக் கருவியை மீட்டிக்கொண்டு வடக்கு ஷான்ஷி நாட்டுப்புறப் பாணியில் கதை பாடுவார். அங்கே தொடங்கி, தேடித் தேடிக் குழலுக்கு வந்திருக்கிறார். விளையாட்டு வழியாக வந்தால் என்ன, வந்துவிட்டாரே.

மதியம் கல்லூரியின் கீழைநாட்டு இசைக்கருவி அருங்காட்சியகம். ஷெங் முன்னால் வெகுநேரம் நின்றேன். கிண்ணம் போன்ற அடிப்பாகத்தில் 17 மூங்கில் குழாய்கள், ஒலிக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு உலோக நாக்கு. ஊதினாலும் ஒலிக்கும், உள்ளிழுத்தாலும் ஒலிக்கும். பெய்ஜிங்கில் வாழ்ந்த பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் அமியோ 1777-இல் ஷெங் கருவிகளைப் பாரிசுக்கு அனுப்பினார். அந்தக் காலத்தை ஒட்டித்தான் இந்த நாக்கு முறையில் ஐரோப்பாவில் சோதனைகள் சூடுபிடித்தன. மௌத் ஆர்கன் வந்தது. 1829-இல் வியன்னாவில் அக்கார்டியன். 1840-ஐ ஒட்டிப் பாரிசில் ஆர்மோனியம். அந்த ஆர்மோனியம் கப்பலேறி இந்தியா வந்து நம் ஸ்பெஷல் நாடக மேடையில் "பெட்டி" ஆனது. வள்ளி திருமண நாடகத்துக்கு விடிய விடிய சுருதி கூட்டிய பெட்டிக்குள் இந்தக் கிண்ணத்தின் உறவு இருக்கிறது. சீனக் கருவிகளை உலகம் இப்போதுதான் கண்டுகொண்டது என்று சொல்கிறவர்களை இந்தக் கண்ணாடிப் பேழை முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

ஒரு மனக்குறையும் உண்டு. 1952-இல் இதே ஊரில் ஷாங்காய் சீன இசைக்குழு அமைந்தது. மேற்கத்திய சிம்பொனி போலப் பிரிவு பிரிவாக அமர்ந்து, நடத்துநரின் கோலைப் பார்த்து வாசிக்கும் பெரிய குழுக்கள் அதன் பிறகு எங்கும் பெருகின. சிங்கப்பூரில்கூட ஒரு முழுநேரக் குழு இருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்காகப் பீபாவில் விரல் வைக்கும் மெட்டுகள், ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் முறைக்கு மாற்றி வைக்கப்பட்டன. எல்லோரும் ஒரே சுருதியில் சேர வேண்டுமென்றால் வேறு வழியில்லை. புதிய இசைக்கு அது கதவைத் திறந்தது என்பதும் உண்மை. ஆனாலும் இருபது எர்ஹூக்கள் ஒன்றாக வாசிக்கும்போது ஒருவருடைய நெளிவு இன்னொருவருடையதோடு மோதக்கூடாது என்பதால் எல்லோருமே அதைச் சமப்படுத்திவிடுகிறார்கள். இன்று மாலை கேட்ட ஒத்திகையில் அது எனக்கு உறுத்தியது.

செவ்வாய், வூஷி

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வூஷி. இங்கே வந்தது ஒரே ஒரு மனிதருக்காக.

ஹுவா யென்ஜுன் என்பது அவருடைய இயற்பெயர். ஊர் அவரை ஆபிங் என்று அழைத்தது. 1893-இல் பிறந்தவர். அப்பா தாவோ கோவில் பூசாரி, நல்ல வாத்தியக்காரர். சிறுவனுக்கு மேளம், குழல், பீபா, எர்ஹூ எல்லாம் கோவில் சடங்குகளோடு சேர்ந்து வந்தன. முப்பத்தைந்து வயதை ஒட்டி இரண்டு கண்களும் போயின. பிறகு தெருதான். பகலில் தேநீர்க் கடைகளுக்கு முன்னால் நின்று ஊர்ச் செய்திகளைப் பாட்டாகக் கட்டிப் பாடுவார். இரவில் எர்ஹூ வாசித்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்.

1950 கோடையில் யாங் யின்லியூ என்ற இசை ஆய்வாளர் கம்பியில் ஒலியைப் பதியும் ஒரு கருவியோடு வந்தார். அவரும் வூஷிக்காரர்தான், ஆபிங்கை முன்பே அறிந்தவர். ஆபிங் அப்போது வாசிப்பை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கையில் கருவியே இல்லை. இரவல் எர்ஹூவிலும் இரவல் பீபாவிலும் கொஞ்சம் பழகிவிட்டு, மூன்று எர்ஹூ உருப்படிகளும் மூன்று பீபா உருப்படிகளும் வாசித்தார். அதே ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். ஒரு வாழ்நாள் வாசிப்பில் நமக்கு மிஞ்சியிருப்பது அந்த ஆறு மட்டும்தான்.

அவர் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த கூரை, சின்ன அறை. அங்கிருந்து ஷிஹுய் பூங்காவுக்குப் போனோம். தேநீர் நூல் எழுதிய தாங் காலத்து லூ யூ "உலகின் இரண்டாவது ஊற்று" என்று தரம் பிரித்ததாகச் சொல்லப்படும் ஊற்று அங்கே இருக்கிறது. ஆபிங்கின் புகழ்பெற்ற எர்ஹூ உருப்படி, அந்த ஊற்றில் நிலா தெரிவதைப் பெயராகக் கொண்டது. பெயரைப் பார்த்து அழகான இயற்கைக் காட்சி என்று நினைத்துக் கேட்கத் தொடங்கினால் ஏமாந்துபோவீர்கள். அது முழுக்க முழுக்க ஒரு மனிதனின் குரல்.

எர்ஹூவுக்கு இரண்டே தந்திகள். பொதுவாக நம் ச, ப என்ற இடைவெளியில் சுருதி கூட்டுவார்கள். வில்லின் குதிரைமுடி இரண்டு தந்திகளுக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. வில்லைத் தனியாக எடுக்கவே முடியாது. விரலுக்கு அடியில் பலகை கிடையாது. வயலினில் விரல் தந்தியைப் பலகையோடு சேர்த்து அழுத்தும். இங்கே தந்தி காற்றில் நிற்கிறது, விரல் காற்றில்தான் அதைப் பிடிக்கிறது. அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே சுரம் மேலே போய்விடும். இடது கையின் சிறு நடுக்கம்கூட மறையாது. இந்தக் கருவி அழுகிறது, பேசுகிறது என்று உலகமெங்கும் சொல்வது இதனால்தான். ஆபிங் தடித்த பட்டுத் தந்திகள் கட்டி, இன்றைய வழக்கத்தைவிடத் தாழ்ந்த சுருதியில் வைத்திருந்தார். அதற்கென்றே தாழ்ந்த சுருதி எர்ஹூவைத் தனியாக வைத்துக்கொண்டு இன்றும் இந்த உருப்படியை வாசிக்கிறார்கள்.

1978-இல் ஜப்பானிய இசை நடத்துநர் ஓசாவா செய்ஜி பெய்ஜிங்கில் ஒரு மாணவி இதை வாசிக்கக் கேட்டுக் கண்ணீர்விட்டார். மண்டியிட்டுக் கேட்க வேண்டிய இசை இது என்றார். சீனாவில் எர்ஹூ படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். துணைக்கு வந்தவளும் பள்ளியில் கேட்டிருக்கிறாள்.

பூங்காவில் ஓய்வுபெற்றவர்கள் நாலைந்து பேர் எர்ஹூ வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் நான் கேட்காமலே அந்த உருப்படியின் தொடக்கத்தை எனக்காக வாசித்தார். முதல் வரி இறங்குவது ஒரு பெருமூச்சு. சுரங்களை எண்ணினால் ஐந்தாறுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழிருந்தோ மேலிருந்தோ வழுக்கித்தான் வந்து சேர்கிறார். "ஐயா, எத்தனை வருஷமா வாசிக்கறீங்க?" என்று கேட்டேன். பணியில் இருந்தவரை நேரமில்லை, ஓய்வுக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன் என்றாராம். கற்றுத் தந்தது யார் என்று கேட்டதற்குக் கைப்பேசியைக் காட்டினார். ஆபிங்கின் பதிவு அதில் இருந்தது.

புதன், மேய்சுன்

வூஷியின் ஓரத்திலேயே இருக்கிறது மேய்சுன். எர்ஹூ செய்வதற்குப் பேர்போன இடம். பட்டறையில் அறுகோணக் கூடுகள் அடுக்கிக் கிடந்தன: கருங்காலி, செஞ்சந்தனம் போன்ற கனத்த மரங்கள். கூட்டின் ஒரு முகத்தில் மலைப்பாம்புத் தோல். ஊறவைத்த தோலைக் கூட்டின்மேல் போர்த்தி, கயிற்றால் கட்டி, ஆப்பு ஆப்பாகச் செருகி இறுக்குகிறார்கள். ஓர் ஆப்பு செருகுவார், விரலால் தட்டுவார், கேட்பார், இன்னொன்று செருகுவார். மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவரைப் பார்த்தவர்களுக்கு இந்த முகத்தைத் தெரியும்.

உலகமெங்கும் எர்ஹூ போகத் தொடங்கியதும் சிக்கல் இந்தத் தோலில்தான் வந்தது. மலைப்பாம்பு வாணிபம் பன்னாட்டு வனவிலங்கு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2005 முதல், தோல் காட்டுப் பாம்பினுடையது அல்ல என்ற அரசுச் சான்று எர்ஹூவுக்கு வேண்டும். வணிகத்துக்காக ஏற்றுமதி செய்தால் தனி அனுமதி. இங்கே ஒவ்வொரு கருவியோடும் அந்தச் சான்றைப் பார்த்தேன். ஹாங்காங் சீன இசைக்குழு ஒரு படி மேலே போய், தோலுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் சவ்வு கட்டிய எர்ஹூக்களை உருவாக்கி, வெளிநாட்டுப் பயணங்களுக்கும் அவற்றையே கொண்டுபோகிறது.

பட்டறைக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தோல்தான். துணைக்கு வந்தவள் அவர் சொன்னதைத் தமிழாக்கினாள்: "அக்கா, தோலுக்கு வயதாகும், அதனோடு ஒலிக்கும் வயதாகும், நெகிழிக்கு வயதாகாது என்கிறார்." அவர் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் சவ்வின் பக்கம். வயதாகிற ஒலி அழகுதான். அந்த ஒலிக்காக இன்னோர் உயிரை எண்ணிப் பார்க்காமல் விட முடியவில்லை. மேலும் எர்ஹூவின் உயிர் இடது கையில் இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் தேவைப்படாது.

வியாழன், ரயிலில்

வூஷியிலிருந்து ஷூஜோ வழியாக ஹெனான் மாகாணத்து லான்காவ். வெளியே கோதுமை வயல்களும் மின்கம்பங்களும். இன்று பார்க்க ஒன்றுமில்லை என்பதால், இந்தக் கருவிகள் எப்படி வெளியே போயின என்று மனத்தில் இருப்பதைக் கொஞ்சம் எழுதிவைக்கிறேன்.

புலம்பெயர்ந்தவர்களோடு போனது ஒரு வழி. பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் தென் சீனத்துத் தெயோச்யு மக்கள் தங்கள் இசைச் சங்கங்களைக் கையோடு கொண்டுபோனார்கள். அரங்குகளின் வழி வேறு. ஹாங்ஜோவில் பிறந்த பீபா கலைஞர் வூ மான் 1990-இல் அமெரிக்கா போனார். க்ரோனோஸ் என்ற தந்திக்கருவி நால்வர் குழுவோடு வாசித்தார். செல்லோக் கலைஞர் யோ-யோ மா 1998-இல் தொடங்கிய, பல நாட்டு இசைஞர்களைச் சேர்க்கும் சில்க்ரோடு முயற்சியில் தொடக்கத்திலிருந்தே இருந்தார். அந்தக் குழு 2017-இல் கிராமி வென்றது. நடுவில் 2003-இல் சீனப் பெண்கள் குழு ஒன்று எர்ஹூவையும் பீபாவையும் நின்றுகொண்டே வாசித்து ஜப்பானிய இசைத்தட்டுப் பட்டியலின் உச்சிக்குப் போனது. அந்த இசை எனக்கு ஒட்டவில்லை: தாளம் விரட்டுகிறது, இடது கைக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு எர்ஹூ வகுப்பில் சேர்ந்த ஜப்பானியர்கள் நிறைய.

கல்லூரிகளும் வந்துவிட்டன. கோபன்ஹேகனில் 2012-இல் பெய்ஜிங் மத்திய இசைக் கல்லூரியோடு சேர்ந்து ஒரு மையம். நியூயார்க் மாநிலத்தில் உள்ள பார்ட் கல்லூரியில் 2017-இல் தொடங்கிய நிறுவனத்தின் வழியாகச் சீனக் கருவி வாசிப்பிலேயே பட்டம் படிக்கலாம். எனக்கு இது பெரிய செய்தி. காணொளி ஆசையைத்தான் தூண்டும். இடது கையை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துத் திருத்தினால்தான் வரும்.

வெள்ளி, லான்காவ்

ஏப்ரலில் வந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! ஊரெங்கும் பாலோனியா பூத்திருக்கிறது. இலை விடும் முன்பே பூத்துவிடும் மரம். வெளிர் ஊதாக் கொத்துகள் கிளையை மறைத்து நிற்கின்றன. மஞ்சள் ஆறு பழைய காலங்களில் திசை மாறி மாறி ஓடியபோது விட்டுப்போன மணல்வெளி இது. மணற்காற்று, உப்பு பூத்த மண், வெள்ளம் என்று மூன்றாலும் அடிபட்ட மாவட்டம். 1962-இல் இங்கே கட்சிச் செயலாளராக வந்த ஜியாவ் யூலூ மணலைப் பிடித்து நிறுத்தப் பாலோனியாவை நடச் சொன்னார், தாமும் நட்டார். 1964-இல், 42 வயதுக்குள் ஈரல் புற்றுநோயில் இறந்துவிட்டார். மரங்கள் வளர்ந்தன.

அவற்றை வெட்டி ஊர்க்காரர்கள் வீட்டுச் சாமான்கள் செய்துகொண்டிருந்தார்கள். 1980களில் ஷாங்காயின் கருவி செய்பவர்கள் இந்த மரத்தின் ஒலியைக் கண்டுகொண்டார்கள். வேகமாக வளரும் மரம், எடையே இல்லை, ரேகை சீராக ஓடுகிறது, எளிதில் வளைந்துகொடுக்காது. குஜெங்கின் மேற்பலகைக்கு வேறென்ன வேண்டும்? தஞ்சாவூர் வீணைக்குப் பலா எப்படியோ, குஜெங்குக்குப் பாலோனியா அப்படி. இன்று சீனாவில் செய்யும் குஜெங், பீபா பலகைகளில் மிகப் பெரும்பகுதி இந்த மாவட்டத்து மரம்.

ஷூசாங் என்ற கிராமத்துக்குப் போனோம். வீட்டுக்கு வீடு பட்டறை. பலகைகள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டு முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றன. வீணாகப் போகிறதோ என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை, மரத்துக்குள் இருக்கும் சாறு மழையில் கரைந்து போக வேண்டும். ஓராண்டுக்கும் மேலாகக் கிடந்து கறுத்த பலகைதான் உள்ளே போகும். அதை இழைத்து, லேசான வளைவு கொடுத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மேலே தேய்க்கிறார்கள். புகை எழுகிறது, கருகிய வாசனை. பலகை காப்பி நிறமாகி, ரேகை எடுப்பாகத் தெரிகிறது.

பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அவருடைய அப்பா மரம் நட்டவர்களில் ஒருவராம். என் கையைப் பிடித்துப் பலகையின் ஓர் இடத்தில் தட்டச் சொன்னார், பிறகு இன்னோர் இடத்தில். "அக்கா, எங்கே தடிமன் மிகுதி என்று கேட்கிறார்," என்றாள் துணைக்கு வந்தவள். கேட்டது. நடுவில் கனம், ஓரத்தில் மெலிவு. அவர் சிரித்தார். "வீணைக்காரி" என்று நான் சொன்னதும் எழுந்துபோய் ஒரு குஜெங்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

1960களில் ஷாங்காயில் நிலைபெற்ற 21 தந்தி வடிவம்தான் இப்போது எங்கும். முன்பு 16 தந்தி. அதற்கும் முன்னால் இன்னும் குறைவு. நைலான் சுற்றிய எஃகுத் தந்திகள், ஒவ்வொன்றுக்கும் நகர்த்தக்கூடிய ஒரு குதிரை. வெறும் தந்திகளை வரிசையாக மீட்டினேன். மோகனம்! ச ரி க ப த, ச ரி க ப த என்று நான்கு ஸ்தாயிக்கு விரிகிறது. மத்யமத்துக்கும் நிஷாதத்துக்கும் தந்தியே கிடையாது. வேண்டுமென்றால் காந்தாரத் தந்தியைக் குதிரைக்கு இடப்பக்கம் அழுத்தி மத்யமத்தை எடுக்க வேண்டும்; தைவதத்தை அழுத்தி நிஷாதம். அதாவது அந்த இரண்டு சுரங்களும் கருவியில் இல்லை, இடது கையில் இருக்கின்றன. வீணையில் நாங்கள் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து எடுப்பதும் இதே சங்கதிதான்.

அவருடைய மருமகள் வாசித்தாள். ஹெனான் பாணி. குஜெங்கில் ஷான்தோங், ஜெஜியாங், சாவ்ஜோ, ஹக்கா என்று வட்டாரப் பாணிகள் உண்டு. ஹெனான்தான் இடது கைக்கு அதிக வேலை வைக்கிறது. கதைப்பாட்டிலிருந்து வளர்ந்த பாணி என்பதால் பேச்சின் ஏற்ற இறக்கம் அப்படியே தந்தியில் வர வேண்டும். அவள் கை தந்தியை அழுத்தியது, நடுக்கியது, விட்டது. மீட்டிய சுரம் தேய்ந்து முடியும்வரை அந்தக் கை ஓயவில்லை. நான் போர்தோக் காணொளியைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, இரவில் தானும் நேரலையில் வாசித்துக்கொண்டே கருவி விற்பதாகச் சொன்னாள். அமெரிக்காவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கேட்கிறார்களாம். "முதலில் எல்லோரும் வேகமான பாட்டைத்தான் கேட்கிறார்கள். வாங்கிய பிறகு திரும்பி வந்து இதை எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள்," என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

எனக்கு வேண்டியிருந்த பதில் கிடைத்துவிட்டது.

சனி, ஜெங்ஜோ

ஹெனான் அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளுக்காக இறங்கினோம். ஜியாஹூ என்ற இடத்தில் 1980களில் தோண்டியெடுத்த எலும்புக் குழல். செந்தலைக் கொக்கின் சிறகு எலும்பில் துளையிட்டுச் செய்தது. எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. ஒரு சாண் நீளம் இருக்கும், பளபளவென்று பழுப்பு நிறம். அங்கே கிடைத்த குழல்களில் ஒன்றில் ஏழாவது துளைக்குப் பக்கத்தில் ஊசி முனை போல இன்னொரு துளை இருக்கிறது. சுரம் சற்றுப் பிசகியதைச் சரிசெய்யப் போட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிசகு கேட்ட காதை நினைத்துப் பாருங்கள். எழுத்து இல்லை, உலோகம் இல்லை. ஆனால் "இது சேரவில்லை" என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரவே வூஹானுக்கு ரயில்.

ஞாயிறு, வூஹான்

காலையில் எள் விழுது பிசைந்த சூடான நூடுல்ஸ், இந்த ஊரின் காலை உணவு. தெருவில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். பிறகு ஹூபேய் மாகாண அருங்காட்சியகம்.

ஸெங் நாட்டுப் பிரபு யீயின் கல்லறை 1978-இல் இந்த மாகாணத்தின் சுய்ஜோவில் தோண்டப்பட்டது. உள்ளே 65 வெண்கல மணிகள், மூன்று அடுக்குச் சட்டத்தில் தொங்கியபடியே இருந்தன. மூலையில் மடியும் அந்தச் சட்டத்தை வாள் இடுப்பில் செருகிய வெண்கல வீரர்கள் கையால் தாங்குகிறார்கள். பெரிய மணி 200 கிலோவுக்கு மேல், சிறியது இரண்டரைக் கிலோகூட இல்லை. நடுவில் தொங்கும் ஒரு மணி, சூ நாட்டு அரசர் பொ.ஆ.மு. 433-இல் காணிக்கையாக அனுப்பியது. மணிகளின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் பாதாம் பருப்பு வடிவில் இருப்பதால் நடுவில் அடித்தால் ஒரு சுரம், பக்கத்தில் அடித்தால் இன்னொரு சுரம். வட்ட மணிபோல நீண்டு ரீங்கரிக்காமல் ஒலி சட்டென்று அடங்கிவிடும். அதனால்தான் பாட்டு வாசிக்க முடிகிறது. எந்த மணி எந்தச் சுரம், பக்கத்து நாட்டில் அதற்கு என்ன பெயர் என்று வெண்கலத்திலேயே பொன்னெழுத்தில் பதித்திருக்கிறார்கள். 2025-இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1997-இல் ஹாங்காங் கைமாறியபோது சீன இசையமைப்பாளர் டான் டுன் எழுதிய சிம்பொனியில் இந்த மணிகளின் ஒலியும் யோ-யோ மாவின் செல்லோவும் சேர்ந்து ஒலித்தன.

அருங்காட்சியக அரங்கில் இந்த மணிகளின் நகல்களில் கச்சேரி நடக்கிறது, போய்க் கேட்டோம். பெரிய மணியை நீண்ட மரத்தண்டால் இடிக்கும்போது நெஞ்செலும்பில் அதிர்கிறது. மாபெரும் அறிவு இது, சந்தேகமில்லை. ஆனால் வார்த்த சுரம் வார்த்ததுதான், அதை வளைக்க முடியாது. அரண்மனைக்கு அது பொருந்தும். செய்வித்தவரோடு மண்ணுக்குள் போனது. தெருவுக்கும் படகுக்கும் அயல்நாட்டுக்கும் போனவை தந்திகள்.

மாலை ஹான்யாங் பகுதியில் நிலா ஏரிக்கரையில் இருக்கும் பழைய குச்சின் மேடைக்குப் போனோம். குச்சின் என்பது மடிமேலோ மேசைமேலோ வைத்து மீட்டும் தந்திக்கருவி. அதைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. போயா குச்சின் வாசிப்பார். மனத்தில் மலையை நினைத்தால் விறகுவெட்டி ஜிச்சி "ஓங்கிய மலை" என்பார். ஆற்றை நினைத்தால் "பாயும் நீர்" என்பார். ஜிச்சி இறந்ததும் போயா தந்திகளை அறுத்துவிட்டு மறுபடி வாசிக்கவே இல்லை. அந்தக் கதைக்கான மேடை.

ஏழு தந்திக் குச்சினை அங்கே பக்கத்தில் ஓர் ஆசிரியர் வாசித்துக் காட்டினார். மெட்டு இல்லை, குதிரை நகர்த்துவது இல்லை. 13 சிப்பிப் புள்ளிகள் மட்டும் வழிகாட்டி. வெறும் தந்திகள் முதலிலிருந்து ச ரி ம ப த ச ரி என்று நம் சுத்த சாவேரி ராகத்தில் நிற்கின்றன. ஒருமுறை மீட்டிவிட்டு இடது கை தந்தியோடு வழுக்கிப் போகிறது. ஒலி தேய்கிறது, கை போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் மரத்தின்மேல் விரல் உரசும் சத்தம் மட்டும். அதையும் இசையாகவே கேட்கிறார்கள். பழைய ஏடுகள் எந்த விரல், எந்தத் தந்தி, எந்தப் புள்ளி என்றெல்லாம் எழுதிவைக்கின்றன. கால அளவை எழுதுவதில்லை. வாசிப்பவர் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் அந்த ஏட்டோடு உட்கார்ந்து தாளத்தைக் கண்டெடுக்க வேண்டும். டச்சுத் தூதர் வான் கூலிக் இதில் மயங்கி 1940-இலேயே குச்சின் பற்றி நூல் எழுதினார். யுனெஸ்கோ 2003-இல் இந்தக் கலையைச் சிறப்பித்தது.

ஆசிரியர் எஃகுத் தந்தி கட்டிய குச்சினிலும் பட்டுத் தந்தி கட்டியதிலும் ஒரே வரியை வாசித்தார். 1960களின் பிற்பகுதிக்குப் பிறகு எஃகு பரவிவிட்டது. நிலைத்து நிற்கும், சத்தமும் கூடுதல். பட்டு அடிக்கடி அறும். ஆனால் பட்டில் கை நகரும்போது ஒரு சொரசொரப்பு, மனிதத் தொண்டைபோல. என் மனம் பட்டில்தான் நின்றது.

1977-இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில் குவான் பிங்ஹு வாசித்த "பாயும் நீர்" இருக்கிறது. ஏழரை நிமிடத்துக்கு மேல் ஓடும் உருப்படி. இந்தியாவிலிருந்து கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் அதே தட்டில் இருக்கிறது. வாயேஜர் 1 இன்று பூமியிலிருந்து 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. இந்தச் சேதியை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், அவரே சொன்னார்.

இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். என் வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஆபிங்கின் 1950 பதிவு. கம்பியின் இரைச்சல் நிறைய இருக்கும். பரவாயில்லை, காதொலிக் கருவியில் கேளுங்கள். பிறகு வந்தவர்கள் தெளிவாக வாசித்தார்கள், ஆனால் இது மூலம். அடுத்தது குவான் பிங்ஹுவின் "பாயும் நீர்". நடுவில் வலது கை அலையலையாய்ப் புரட்டும் இடத்தில், அடியில் இடது கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். மூன்றாவதாக ஹெனான் பாணிக் குஜெங். பெயர் தெரியாத யார் வாசித்தாலும் சரி, மெதுவான உருப்படியாக இருக்கட்டும். வூ மானைக் கடைசிக்கு வையுங்கள். முதல் மூன்றையும் கேட்ட காதோடு போனால்தான், அவர் க்ரோனோஸ் குழுவின் நடுவே அமர்ந்து எதை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறார் என்பது கேட்கும்.